வரப்போகிற போனில் என்ன இருக்கும்? லீக் படிக்கிறவர்களுக்கான கேள்வி-பதில்

புதுப் போன் வர மூன்று மாதம் இருக்கும்போதே, முன்கூட்டிக் கசியும் தகவலை, அதாவது லீக்கை, வைத்துச் சண்டை ஆரம்பித்துவிடும். எந்தச் சிப், பேட்டரி எத்தனை எம்ஏஎச், தூரத்தை இழுக்கும் பெரிஸ்கோப் லென்ஸ் உண்டா, விலை அறுபதாயிரத்துக்குள் நிற்குமா? சென்னை ரிச்சி தெரு போன் கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூப்காரர் ஒன்று சொல்வார், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்தத் தகவலுக்குப் பின்னால் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? அரசுக்குக் கொடுத்த படிவம், சோதனைக்கூட அறிக்கை, உதிரிபாக ஆர்டர் என்று ஏதாவது இருந்தால் நின்று படிக்கலாம். இல்லையென்றால் அது வெறும் பேச்சு.

லீக் என்று வருவதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?

அளவும் வடிவமும்தான் முதலில் உறுதியாகும். போனுக்குக் கேஸ் (மேலுறை) செய்கிற தொழிற்சாலை அச்சு வெட்ட வேண்டும். அதற்குப் போனின் நீளம், அகலம், தடிமன், கேமரா மேடு, பட்டன் இருக்கும் இடம் எல்லாம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அந்த அளவுகள் உள்ள கேட் (கணினி வரைபடம்) கோப்பிலிருந்து வரைந்த படங்கள் வடிவத்தில் பெரும்பாலும் தப்பாது. ஆனால் கோப்பில் இருப்பது வெளிச்சுற்று மட்டும். ஃபிரேம் அலுமினியமா டைட்டானியமா, மூன்றாவது ஓட்டைக்குள் இருப்பது தூரத்தைக் கிட்டக் காட்டும் நல்ல டெலிஃபோட்டோவா, கணக்குக் காட்ட வைத்த 2 மெகாபிக்சல் மேக்ரோவா (மிக அருகில் எடுப்பது) என்று அது சொல்லாது. நிறம் படம் வரைந்தவருடைய கற்பனை.

அடுத்து அரசுப் பதிவுகள். சீனாவின் டெனா என்ற தொலைத்தொடர்புச் சான்றுப் பதிவில் எடை, அளவு, திரை, பேட்டரியின் ரேட்டட் (குறைந்தபட்ச) கொள்ளளவு இருக்கும். அதே நாட்டின் 3சி என்ற பாதுகாப்புச் சான்றுப் பதிவில் சார்ஜரின் வாட் இருக்கும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் ஆவணத்தில் ரேடியோ பேண்டுகளும் (அலைவரிசைகளும்) கதிர்வீச்சு அளவும் இருக்கும். உள்பாகப் படங்களைக் கம்பெனி கேட்டுக்கொண்டால் சில மாதம் மறைத்து வைப்பார்கள் என்பதால் அங்கே போட்டோ தேடிப் பயனில்லை. தாய்லாந்தின் தொலைத்தொடர்பு ஆணையமான என்பிடிசியும் புளூடூத் கூட்டமைப்பின் பட்டியலும் பெரும்பாலும் விற்பனைப் பெயரையே காட்டிக்கொடுத்துவிடும்.

விலை, தேதி, "கேமரா வேற லெவல்" போன்றவை கடைசி வரிசை. விலையைக் கம்பெனியே கடைசி வாரம்வரை மாற்றும். ஆறு மாதம் முன்னால் விலை சொல்கிறவரிடம் கிளி ஜோசியக்காரருக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுங்கள்.

பிஐஎஸ் பட்டியலில் வந்துவிட்டதாம். அப்படியானால் இந்தியாவில் எப்போது?

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனும் இந்தியத் தரநிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் கட்டாயப் பதிவு பெற வேண்டும். அங்கே தெரிவது பிராண்ட், மாடல் நம்பர், பதிவு எண் போன்ற விவரம் மட்டுமே. சிப், ரேம், கேமரா எதுவும் இருக்காது. "பிஐஎஸ்-இல் 12 ஜிபி ரேம் உறுதி" என்று தலைப்புப் போட்டிருந்தால், எழுதியவர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

பதிவானதற்கும் கடைக்கு வருவதற்கும் இடைவெளி சில வாரமாகவும் இருக்கும், பல மாதமாகவும் இருக்கும். பதிவாகியும் வராமலே போன மாடல்களும் உண்டு. தேதிக்கு நல்ல அடையாளம் வேறு: அமேசான் அல்லது ஃபிளிப்கார்ட்டில் அந்தப் போனுக்குத் தனிப்பக்கம் திறந்து "நோட்டிஃபை மீ" பட்டன் வந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் அறிமுகம். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வசதியாகக் கம்பெனியே அவிழ்த்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு லீக் தேட வேண்டிய வேலையே இல்லை.

மாடல் நம்பரை எப்படிப் படிப்பது?

சாம்சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்-எஸ்938பி என்பது எஸ்25 அல்ட்ரா. 92 என்றால் எஸ்24 தலைமுறை, 93 என்றால் எஸ்25. அடுத்த இலக்கம் 1 என்றால் சாதா மாடல், 6 என்றால் பிளஸ், 8 என்றால் அல்ட்ரா. கடைசி எழுத்து சந்தை: பி சர்வதேச மாடல், யு அமெரிக்கா, என் கொரியா, 0 சீனா. ஏ வரிசையில் இந்திய மாடலுக்கு இ வரும்; ஏ55-இன் இந்திய எண் எஸ்எம்-ஏ556இ.

ஷாவ்மியில் முதல் நான்கு இலக்கம் வருடமும் மாதமும், உத்தேசமாக. 23127பிஎன்0சிஜி என்பது ஷாவ்மி 14. எண் 2023 டிசம்பரைச் சொன்னாலும் போன் அந்த அக்டோபரிலேயே சீனாவில் வந்துவிட்டது, ஆகவே மாதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கடைசி எழுத்துதான் நமக்கு முக்கியம்: சி சீனா, ஜி உலகம், ஐ இந்தியா. ஐ-யில் முடியும் எண் தென்பட்டால் இந்தியாவுக்கென்று தனி மாடல் தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை ஆப்பில் ஸ்கோர் வந்திருக்கிறது. அதை வைத்து முடிவு செய்யலாமா?

ஸ்கோரை விடுங்கள், அதன் கீழே உள்ள விவரத்தைப் பாருங்கள். முதலில் மதர்போர்டு என்ற வரி. குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் சிப்புகளுக்கு உள்பெயர் உண்டு: கலாமா என்றால் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2, பைன்ஆப்பிள் என்றால் 8 ஜென் 3, சன் என்றால் 8 எலைட். அடுத்து கோர்களின் (சிப்புக்குள் இருக்கும் தனித்தனிச் செயலிகளின்) அடுக்கும் வேகமும். 8 எலைட்டில் இரண்டு கோர் 4.32 கிகாஹெர்ட்ஸ், ஆறு கோர் 3.53 கிகாஹெர்ட்ஸ். சிபியு அடையாள வரியில் இம்ப்ளிமென்டர் 65 என்றிருந்தால் ஆர்ம் கம்பெனி வடிவமைத்த கோர், 81 என்றிருந்தால் குவால்காமின் சொந்தக் கோர். மதர்போர்டு, கோர் அடுக்கு, இந்த எண் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் யாரோ மாடல் பெயரை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதைச் செய்வது பெரிய வித்தையில்லை.

ரேம் வரியில் 12 ஜிபி போன் 11 சொச்சம் அல்லது அதற்கும் சற்றுக் குறைவாகக் காட்டும். கொஞ்சத்தைச் சிஸ்டம் ஒதுக்கிக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது. அதைப் பார்த்து "ரேமைக் குறைத்துவிட்டான்" என்று கொதிக்க வேண்டாம்.

ஒரே நாளில் வந்த ஒரே ஒரு பதிவு குறைந்த ஸ்கோர் காட்டினால் அது சோதனை மாதிரியாக, பாதி வெந்த மென்பொருளோடு இருக்கலாம். நாலைந்து பதிவு சேர்ந்த பிறகு அதில் உச்சத்தைப் பாருங்கள். அன்டுடு என்ற இன்னொரு சோதனை ஆப்பின் ஸ்கோரென்றால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்; பதிப்பு 10-இன் எண்ணையும் 11-இன் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

"ஸ்னாப்டிராகன் 8" என்று போட்டாலே டாப் சிப்தானே?

இல்லை. 8எஸ் ஜென் 3 என்பது 8 ஜென் 3 அல்ல. கிராஃபிக்ஸில் அதற்கு முந்தைய 8 ஜென் 2-க்கும் கீழே. பெயரில் இருக்கும் சின்ன எழுத்தில்தான் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கும். சந்தேகமென்றால் பார்ட் நம்பரைக் கேளுங்கள்: 8 ஜென் 3 எஸ்எம்8650, 8எஸ் ஜென் 3 எஸ்எம்8635, 8 எலைட் எஸ்எம்8750.

சாம்சங் விஷயத்தில் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்ளும்: நமக்கு சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸா, ஸ்னாப்டிராகனா? எஸ்21-இல் இந்தியாவுக்கு எக்ஸினோஸ் வந்தது. எஸ்22, எஸ்23-இல் ஸ்னாப்டிராகன். எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டிலும் மறுபடி எக்ஸினோஸ், அல்ட்ராவில் மட்டும் ஸ்னாப்டிராகன். எஸ்25-இல் எல்லாவற்றிலும் ஸ்னாப்டிராகன். போன வருடம் இது வந்தது, இந்த வருடமும் அதுவே வரும் என்று கணக்குப் போடவே முடியாது என்பதற்கு இந்த வரிசையே சாட்சி. அமெரிக்க யூனிட்டை வைத்து எடுத்த ரிவ்யூவைப் பார்த்து இங்கே முன்பதிவு செய்யாதீர்கள்.

சென்னை வெயிலுக்கு எந்தப் போன் தாங்கும்? ஸ்பெக் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து, ஆனால் லீக் சண்டையில் இதை யாரும் பேசுவதில்லை.

முதலில் சிப் எந்த ஆலையில் எந்த முறையில் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டர் முறையில் வந்தது, சூட்டுக்குப் பெயர் வாங்கியது. கிட்டத்தட்ட அதே வடிவமைப்பை டிஎஸ்எம்சிக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று கொண்டுவந்ததும் அந்தப் புலம்பல் அடங்கியது. கூகுள் பிக்சலிலும் டென்சார் ஜி4 வரை சாம்சங் ஆலை. 2025 ஆகஸ்டில் பிக்சல் 10-இல் வந்த ஜி5 டிஎஸ்எம்சியின் 3 நானோமீட்டர். பழைய பிக்சலின் சூட்டைப் பார்த்துப் புதியதைத் தள்ளுகிறவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது கூலிங். ஆப்பிள் ஐபோன் 17 புரோவில்தான் முதல்முறையாக வேப்பர் சேம்பர் என்ற சூடு பரப்பும் தட்டை வைத்தது, உடலையும் டைட்டானியத்திலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியது. அலுமினியம் வெப்பத்தை வேகமாகப் பரப்பும். டைட்டானியம் அந்த விஷயத்தில் மந்தம். "டைட்டானியம் போய்விட்டதே" என்று வருத்தப்பட்டவர்களுக்கு அக்னி நட்சத்திரத்தில் அண்ணா சாலை சிக்னலில் நின்றால் காரணம் புரியும். ஆண்ட்ராய்டு போன்களில் வேப்பர் சேம்பரின் பரப்பை இத்தனை ஆயிரம் சதுர மில்லிமீட்டர் என்று விளம்பரம் செய்வார்கள். பல அடுக்குகளின் பரப்பைக் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு என்பதால் அந்த எண்ணை இரண்டு பிராண்டுகளுக்கிடையே ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது, போன் வந்த பிறகு பார்க்க வேண்டியது: 3டிமார்க் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு நிமிட ஓட்டம் இருபது தடவை. முதல் ஓட்டத்தின் ஸ்கோரை விடக் கடைசி ஓட்டத்தின் ஸ்கோர்தான் நீங்கள் வாங்கப்போகிற போன். பல ரிவ்யூக்கள் ஏசி அறையில் எடுத்தவை என்பதையும் மறக்காதீர்கள். ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதச் சென்னையில் பகல் வேளை அந்த எல்லையை அனாயாசமாகத் தாண்டும். தாண்டினால் திரை மங்கலாம், சார்ஜ் ஏறும் வேகம் குறையலாம் அல்லது நிற்கலாம், 4கே வீடியோ பதிவு தானாக அணையலாம். இது பழுதில்லை, பேட்டரியைக் காப்பாற்றப் போட்ட கட்டுப்பாடு.

7,000 எம்ஏஎச் வரும் என்கிறார்கள். நிஜமா, பில்டப்பா?

நிஜமாகவே வருகிறது. பேட்டரியின் ஆனோட் முனையில் கிராஃபைட்டோடு சிலிக்கான் சேர்ப்பதால் அதே இடத்தில் கூடுதல் ஆற்றல் அடைபடுகிறது. ஒன்பிளஸ் 13-இல் 6,000, அடுத்து வந்த ஒன்பிளஸ் 15-இல் 7,300. சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது வீங்கும், இறங்கும்போது சுருங்கும். கார்பனோடு கலப்பது அந்த வீக்கத்தைத் தாங்கத்தான். ஐந்து வருடம் கழித்து இந்தப் பேட்டரிகள் எப்படி இருக்கும் என்பது காலம் சொல்ல வேண்டியது. இரண்டு வருடத்துக்கொருமுறை போன் மாற்றுகிறவர் கவலைப்பட ஒன்றுமில்லை, அப்பா அம்மாவுக்கு ஏழு வருடம் ஓடட்டும் என்று வாங்குகிறவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

லீக்கில் பேட்டரி எண் இரண்டு விதமாக வரும். ரேட்டட் என்பது குறைந்தபட்ச உத்தரவாதம், டிபிகல் என்பது விளம்பர எண். எஸ்24 அல்ட்ராவின் ரேட்டட் 4,855, டிபிகல் 5,000. டெனாவில் 4,855 என்று பார்த்துவிட்டு "பேட்டரி குறைந்துவிட்டது" என்று செய்தி போடுகிற கூத்து வருடாவருடம் நடக்கும்.

அதே போன், ஐரோப்பாவில் சின்ன பேட்டரி, இந்தியாவில் பெரிய பேட்டரி. ஏன்?

சரக்கு அனுப்பும் விதியால். ஒற்றை லித்தியம் செல் 20 வாட்-அவரைத் தாண்டினால் ஆபத்தான சரக்கு என்ற முழுக் கட்டுப்பாட்டுக்குள் போய்விடும். அனுப்பும் செலவு ஏறும். கணக்கு எளிது: எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். செல்லின் சராசரி வோல்ட் 3.88 என்று வைத்தால் 5,150 எம்ஏஎச் கிட்டத்தட்ட 20 வாட்-அவர். நத்திங் போன் (3) வெளிநாட்டில் 5,150, இந்தியாவில் 5,500 என்று வந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டு செல்லாகப் பிரித்தால் இந்த எல்லையைச் சுற்றிப் போகலாம், ஆனால் உள்ளே இடம் வீணாகும். ஆகவே ஐரோப்பிய லீக்கில் பேட்டரி எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், இந்திய எண் வரட்டும்.

100 வாட் என்றால் 100 வாட் ஏறுமா?

சில நிமிடம் ஏறும். பேட்டரி பாதிக்கு மேல் போனதும் இறங்கும், பேட்டரி சூடானால் முதலிலேயே இறங்கும். அந்த உச்சம் அதே பிராண்டின் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். கார் சார்ஜரிலோ பழைய லேப்டாப் சார்ஜரிலோ எவ்வளவு ஏறும் என்பதற்கு பல பிராண்டுகளுக்கும் பொதுவான பவர் டெலிவரி, பிபிஎஸ் முறைகளில் எத்தனை வாட் என்று தனியாகப் பாருங்கள். லீக்கில் இது அபூர்வமாகத்தான் வரும்.

டிஸ்பிளே வெளிச்சம் 4,500 நிட்ஸ்! மெரினாவில் மதியம் தெரியுமா?

அந்த 4,500 திரையின் ஒரு மூலையில், சின்னப் பொட்டளவு பரப்பில், எச்டிஆர் வீடியோ ஓடும்போது வரும் எண். வெயிலில் முழுத்திரைக்குக் கிடைப்பது எச்பிஎம் (ஹை பிரைட்னஸ் மோடு) எண். அது 1,200 முதல் 1,800-க்குள் இருந்தால் மதிய வெயிலில் வாட்ஸ்அப் படிக்கலாம். அந்த வெளிச்சமும் போன் குளிர்ச்சியாக இருக்கும்வரைதான்.

எல்டிபிஓ பேனலா என்பதையும் பாருங்கள். படம் அசையாதபோது அது 1 ஹெர்ட்ஸ்வரை, அதாவது நொடிக்கு ஒரே ஒருமுறை திரையைப் புதுப்பிக்கும் அளவுக்கு, இறங்கும், பேட்டரி மிச்சம். அந்த வசதியில்லாத எல்டிபிஎஸ் பேனல்கள் பெரும்பாலும் 60-இல் நின்றுவிடும். 120 ஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும்.

திரையில் பச்சைக்கோடு விழுமா என்று கேட்பவர்களுக்கு: எந்த ஸ்பெக்கைப் பார்த்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விழுந்தால் பேனலையே மாற்ற வேண்டும். திரைக்குக் கூடுதல் வாரண்டி தருகிற பிராண்டா என்பதைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

200 மெகாபிக்சல் என்றால் 50-ஐவிட நான்கு மடங்கு நல்ல கேமராவா?

சென்சாரின் அளவைக் கேளுங்கள். 1/1.3 அங்குலத்தில் 50-ம் உண்டு, 200-ம் உண்டு. 200-இல் பதினாறு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் சாதாரணமாக வரும். வெளிச்சம் நன்றாக இருந்தால் வெட்டி எடுக்க நிறைய இடம் இருக்கும், அதுதான் லாபம். இரவில் கபாலி கோயில் திருவிழாவை எடுக்கிறவருக்கு மெகாபிக்சலைவிட சென்சார் பரப்பும் அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ்-ஸும் முக்கியம்.

லீக்கில் "50+50+50" என்று மட்டும் வந்தால் அதில் செய்தி ஏதுமில்லை. மூன்று சென்சாரின் பெயர், ஒவ்வொன்றின் அங்குலம், டெலிஃபோட்டோ எத்தனை எக்ஸ் என்ற விவரம் வரும்வரை வாய்ச் சண்டையை ஒத்திப்போடலாம். 50+8+2 என்று வந்தால் அது ஒரு கேமரா போன், மீதி இரண்டும் அலங்காரம்.

பைக்கில் மவுண்ட் போட்டு மேப் பார்ப்பேன். அதற்கும் ஹார்டுவேருக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே. ஓஐஎஸ் என்பது காந்தத்தில் மிதக்கும் லென்ஸ். பெரிய எஞ்சின் பைக்குகளின் தொடர் அதிர்வு அதைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் வாங்குங்கள். ஓஎம்ஆரில் மதியம் மேப், முழு வெளிச்சம், சார்ஜ் மூன்றும் சேர்ந்து ஓடினால் எந்தச் சிப்பும் திணறும். டெலிவரி வேலை பார்க்கிறவர்கள் அறுபதாயிரம் போனை மவுண்டில் மாட்டுவதைவிட, அதற்கென்று பத்து பன்னிரண்டாயிரத்தில் பெரிய பேட்டரி போன் ஒன்று வைத்துக்கொள்வதே மேல்.

128 ஜிபி போதும் என்று நினைக்கிறேன். அதில் ஏதாவது மறைந்திருக்குமா?

இருக்கலாம். கேலக்ஸி எஸ்23-இல் 256 ஜிபி மாடலுக்கு ஸ்டோரேஜின் தரம் யூஎஃப்எஸ் 4.0, 128 ஜிபி மாடலுக்கு மட்டும் பழைய 3.1. வேகத்தில் உச்சமாக இரண்டு மடங்கு வித்தியாசம். லீக்கில் "யூஎஃப்எஸ் 4.0" என்று வந்தால் எந்த வேரியண்டுக்கு என்று கேளுங்கள். "8+8 ஜிபி ரேம்" என்பதில் இரண்டாவது எட்டு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, அதை ரேம் என்று எண்ண வேண்டாம்.

யூஎஸ்பி போர்ட்டின் வேகமும் இப்படித்தான். ஐபோன் 17 சாதா மாடலில் டைப்-சி இருந்தாலும் யூஎஸ்பி 2 வேகம், 480 எம்பிபிஎஸ்; புரோவில் 10 ஜிபிபிஎஸ். கல்யாண வீடியோ எடுத்து லேப்டாப்புக்கு மாற்றுகிறவருக்கு இது பெரிய விஷயம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

5ஜி எத்தனை பேண்ட் இருக்க வேண்டும்?

எண்ணிக்கை முக்கியமில்லை. என்78, என்28 இரண்டும் கட்டாயம் வேண்டும். என்78 வேகத்துக்கு; என்28 என்ற 700 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஜியோ அதை வைத்திருக்கிறது. ஜியோவின் 5ஜி எஸ்ஏ முறை (4ஜியைச் சாராமல் தனியாக ஓடுவது), ஆகவே போனில் எஸ்ஏ ஆதரவு இருக்க வேண்டும். 4ஜியில் 1, 3, 5, 8, 40, 41 இருக்கிறதா பாருங்கள். பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர் 28-வது பேண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீன மாடலை வாங்கி வருகிறவர்கள் இந்தப் பேண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டாலர் விலை தெரிந்துவிட்டது. இந்திய விலையைக் கணக்குப் போடலாமா?

கிட்டத்தட்டப் போடலாம். அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது, நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கும். ஐபோன் 17-ஐ எடுங்கள்: 799 டாலர், 2025 செப்டம்பரில் டாலர் சுமார் 88 ரூபாய். பெருக்கினால் 70,312. அதோடு 18 சதவீதம் சேர்த்தால் 82,968. வந்த விலை 82,900. அச்சாகப் பொருந்துகிறது. அதே கணக்கில் 17 புரோ, 1,099 டாலர், சுமார் 1,14,000 வர வேண்டும். வந்தது 1,34,900. புரோவுக்கு மேலே இருபதாயிரம் ஏற்றுகிறார்கள் என்பதை இந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். யூரோ விலையில் அங்கத்திய மதிப்புக்கூட்டு வரி (வாட்) ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை அப்படியே ரூபாயாக்கி அதன்மேல் ஜிஎஸ்டியும் போட்டால் தப்பான எண்தான் வரும்.

மேடையில் "59,999 முதல்" என்று சொன்னால், அதில் பேங்க் கார்டு தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் கழித்திருக்கிறார்களா என்று அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறிக்கொண்டிருக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால். ஆகவே "போன வருட விலையிலேயே கூடுதல் ரேம்" என்ற லீக்கைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில்தானே செய்கிறார்கள்? நமக்காவது விலை குறையக் கூடாதா?

நியாயமான ஆதங்கம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் ஐபோன் 14-ஐ அறிமுகமான மாதமே, 2022 செப்டம்பரிலேயே அசெம்பிள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் ஐபோன் ஆலை உண்டு. ஆனால் எம்ஆர்பி நாடு முழுக்க ஒன்றுதான், ஜிஎஸ்டியும் ஒன்றுதான். சிப், திரை, கேமரா எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. இங்கே நடப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டக் கோர்ப்பு. அதனால் மிச்சமாவது முழுப் போனாக இறக்கினால் கட்ட வேண்டிய சுங்கவரி. அதை விலையில் குறைப்பதா கைவசம் வைப்பதா என்பது கம்பெனியின் முடிவு, இதுவரை பெரும்பாலும் கைவசம்தான். நமக்குக் கிடைத்த நிஜமான லாபம், முதல் நாளே இங்கேயும் ஸ்டாக் வந்துவிடுவது.

சித்தப்பா துபாயிலிருந்து வருகிறார். அங்கே ஐபோன் 17 வாங்கி வரச் சொல்லலாமா?

ஐபோன் 17 வரிசையில் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் மாடல்களில் சிம் தட்டே கிடையாது, இசிம் (போனுக்குள்ளேயே பதிந்த மின்னணு சிம்) மட்டும். அமெரிக்கா, கனடா, ஜப்பானும் அப்படித்தான். பட்டன் போனுக்கும் ஐபோனுக்கும் சிம்மை மாற்றி மாற்றிப் போடுகிற பழக்கம் உள்ளவருக்கு இது தலைவலி. இந்திய மாடலில் ஒரு நானோ சிம்மும் இசிம்மும் உண்டு. சென்னை பர்மா பஜாரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீஸ்களுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எந்த நாட்டு மாடல்? மாடல் எண்ணின் கடைசியில் எச்என்/ஏ என்றிருந்தால் இந்திய மாடல். முதல் எழுத்து எம் என்றால் புதிது, எஃப் என்றால் ரீஃபர்பிஷ்டு, என் என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. பில் இல்லாமல் வாங்கினால் இதெல்லாம் பார்த்தும் பயனில்லை.

காத்திருக்கலாமா, இருப்பதையே வாங்கலாமா?

நாட்காட்டியைப் பாருங்கள். சாம்சங் எஸ் வரிசை வருட ஆரம்பத்தில், ஃபோல்டு ஜூலையில், பிக்சல் ஆகஸ்டில், ஐபோன் செப்டம்பரில். குவால்காமின் பெரிய சிப் செப்டம்பர் அல்லது அக்டோபரில் அறிவிக்கப்படும். அதை வைத்து சீனப் போன்கள் அக்டோபர், நவம்பரில் அங்கே வரும். இந்தியாவுக்கான இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது: ஒன்பிளஸ் 13 சீனாவில் 2024 அக்டோபர் கடைசியில் வந்து இங்கே ஜனவரியில் வந்தது, ஒன்பிளஸ் 15 2025 அக்டோபர் 27-இல் அங்கே, நவம்பர் 13-இல் இங்கே.

ஆறு வாரத்துக்குள் புதியது வருமென்றால் பொறுங்கள், புதியதை வாங்கப்போவதில்லை என்றாலும். ஐபோன் 17 வந்ததும் 16-இன் விலை 79,900-இலிருந்து 69,900 ஆனது. நான்கு மாதத்துக்கு மேல் என்றால், கையிலிருக்கும் போன் இழுத்துக்கொண்டிருந்தால், இப்போதே வாங்கிவிடுங்கள்.

ரிச்சி தெருவில் புதுப் போனுக்குப் பவுச்சும் டெம்பர்டு கிளாஸும் அதற்குள் வந்துவிட்டன. வாங்கி வைக்கலாமா?

பவுச் பெரும்பாலும் பொருந்தும், பட்டன் ஓட்டை மட்டும் சில சமயம் தப்பும். கிளாஸ் வாங்காதீர்கள். வளைந்த திரையா தட்டையா என்பதிலும், முன்கேமரா ஓட்டையின் இடத்திலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் ஓரம் ஒட்டாமல் தூசி பிடித்துவிடும்.

முதல் நாள் வாங்குகிறேன். கடையிலேயே என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஆன் செய்து *#06# அடித்து வரும் ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்), பெட்டியில் உள்ளது, பில்லில் உள்ளது மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் கேஒய்எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடல், செல்லுபடியாகும் எண்ணா என்று பதில் வரும். பிறகு முழு வெள்ளைத் திரை ஒன்று, முழுச் சாம்பல் திரை ஒன்று போட்டு ஓரங்களில் நிறப்பிசகு இருக்கிறதா பாருங்கள். சாம்பலைக் குறைந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். எல்லா லென்ஸிலும் ஒவ்வொரு படம், இரண்டு சிம்மிலும் ஒவ்வொரு கால், ஸ்பீக்கர் இரண்டும் சத்தமாக. கடைக்காரர் அவசரப்படுத்துவார், கூட்டம் இருக்கும். சிம் போட்டு ஒரு கால் பேசி முடிக்கும்வரை பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். வங்கி ஆப்களும் ஓடிபியும் அதில்தான் இருக்கும்.